200 எம்பி காலியாக இருந்தும் 32 கேபி ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி: சின்ன எம்பெடெட் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். 512 எம்பி ராம் கொண்ட போர்டில் லினக்ஸ் ஓடுகிறது. வைஃபைக்கு யுஎஸ்பி டாங்கிள். அதன் டிரைவரை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது அது என் தலையில். சில நாள் ஒழுங்காக ஓடும். பிறகு திடீரென்று டேட்டா வருவது நின்றுவிடும். ‘கனெக்டட்’ என்றுதான் காட்டும், ஆனால் பிங் போகாது. டாங்கிளைப் பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடும். கெர்னல் லாக்கில் ‘பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர்: ஆர்டர்:4’ என்று இருக்கிறது, பக்கத்தில் ‘ஜிஎஃப்பி_அட்டாமிக்’ என்றும். அதே நேரத்தில் ‘ஃப்ரீ’ கமாண்ட் போட்டால் கிட்டத்தட்ட 200 எம்பி காலி என்கிறது. நான் கேட்பதோ 32 கேபி ரிசீவ் பஃபர். ‘ஜிஎஃப்பி_கெர்னல்’ என்று மாற்றிப் பார்த்தேன். ‘ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு ஃப்ரம் இன்வாலிட் கான்டெக்ஸ்ட்’ என்று கெர்னல் கத்துகிறது. சீனியர் ஒருவர், எல்லா இடத்திலும் அட்டாமிக்கே போடு, அதுதான் பாதுகாப்பு என்கிறார். இன்னொருவர், ‘இன்_அட்டாமிக்’ வைத்துச் சோதித்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார். எதைச் செய்வது?

— ஒரு வாசகர், கோவை

பதில்: இரண்டு ஃபிளாக்குகளில் எது சரி என்று கேட்கிறீர்கள். அந்த இடத்தில் இரண்டுமே சரியில்லை. யுஎஸ்பி கம்ப்ளீஷன் ஹேண்ட்லருக்குள் நின்றுகொண்டு, பாக்கெட் வரும்போதெல்லாம் 32 கேபி கேட்பதுதான் கோளாறு. ஃபிளாக்கை மாற்றினால் கோளாறு இடம் மாறுமே தவிரத் தீராது.

முதலில் அந்த லாக் வரியைப் படிப்போம். ‘ஆர்டர்:4’ என்றால் இரண்டின் நாலாம் அடுக்கு, 16 பக்கங்கள். பக்கத்துக்கு 4 கேபி வீதம் 64 கேபி ஆகிறது. நீங்கள் 32 கேபிதானே கேட்டீர்கள்? பாக்கெட்டை வைக்கும் பஃபரான எஸ்கேபி ஒன்றை ஒதுக்கும்போது, உங்கள் டேட்டாவின் வாலில் ‘ஷேர்டு இன்ஃபோ’ என்ற ஸ்ட்ரக்சரையும் கெர்னல் சேர்த்துக்கொள்கிறது. 64-பிட் கெர்னலில் அது சுமார் 320 பைட். 32,768-உடன் அது சேர்ந்தவுடன் 32 கேபியைத் தாண்டிவிடுகிறது. அடுத்த அளவு 64 கேபிதான், நடுவில் ஒன்றும் கிடையாது. முந்நூற்றுச் சொச்சம் பைட்டுக்காக இன்னொரு 32 கேபி தண்டம். டிரைவர் எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. 2-ன் அடுக்காக ஒரு அழகான எண்ணை எழுதிவிட்டு, அது அப்படியே ஒதுக்கப்படும் என்று நம்பிவிடுகிறார்கள்.

அடுத்து, 200 எம்பி காலியாக இருந்தும் 64 கேபி ஏன் இல்லை? கேட்கும் 16 பக்கங்களும் ராமில் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். போதாதற்கு, அந்தத் துண்டு 64 கேபி எல்லை ஒன்றில்தான் தொடங்க வேண்டும். லினக்ஸின் பட்டி அலோகேட்டர் அப்படித்தான் ராமைப் பிரித்து வைத்திருக்கிறது. பஸ்ஸில் இருபது சீட் காலி, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. நான்கு பேர் சேர்ந்து உட்கார ஒரு வரிசைகூட இல்லை என்பது போன்ற நிலைமை. ‘ஃப்ரீ’ கமாண்ட் காலி சீட்டை எண்ணுமே தவிர வரிசையைப் பார்க்காது. அதைப் பார்க்க ‘/ப்ராக்/பட்டிஇன்ஃபோ’ ஃபைலைத் திறக்க வேண்டும். அதில் ஆர்டர் 0 முதல் 10 வரை ஒவ்வொரு அளவிலும் எத்தனை துண்டு காலி என்று வரிசையாக இருக்கும். டேட்டா நின்றுபோன நேரத்தில் உங்கள் போர்டில் ஏறக்குறைய இப்படி ஒரு வரி வரக்கூடும்: 21340, 9800, 2100, 40, 0, 0, 0, பிறகு எல்லாம் சைபர். கூட்டிப் பாருங்கள். ஒற்றைப் பக்கங்கள் 85 எம்பி, இரட்டைகள் 78, நாலு பக்கத் துண்டுகள் 33, எட்டுப் பக்கத் துண்டுகள் ஒரு எம்பிக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 200 எம்பிக்கு நெருக்கம். ஆனால் ஐந்தாவது இடத்தில், அதாவது ஆர்டர் 4-ல், சைபர். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆர்டர் 3-ல் நாற்பது துண்டு சும்மா கிடக்கிறது. அந்த 320 பைட் வெளியே வழியாமல் இருந்திருந்தால் உங்கள் பஃபர் அதில் ஒன்றில் உட்கார்ந்திருக்கும்.

பூட் ஆனவுடன் இந்தப் பிரச்சினை வராது. ஓட ஓடத்தான் ராம் துண்டு துண்டாகிறது. சில நாள் கழித்து வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதனால்தான். லேப்டாப்பில் பல ஜிபி ராம் இருப்பதால் அங்கே சோதித்தால் பிடிபடாமலே போகலாம். உங்கள் 512 எம்பி போர்டு உள்ளதைச் சொல்லிவிட்டது.

இனி அந்த இரண்டு ஃபிளாக்குகளுக்கு வருவோம். ‘ஜிஎஃப்பி_கெர்னல்’ என்று எழுதினால், மெமரி இல்லாவிட்டால் காத்திருக்கத் தயார் என்று பொருள். கெர்னல் உடனே வேலையில் இறங்கும்: பேஜ் கேஷைக் காலி செய்யும், மாறிய பக்கங்களை டிஸ்க்குக்கு எழுதும், 2.6.35 முதல் கெர்னலில் இருக்கும் காம்பாக்ஷன் வழியாகப் பக்கங்களை நகர்த்திப் பெரிய துண்டுகளை உண்டாக்கும். அதுவரை உங்கள் கோட் தூங்கும். கம்ப்ளீஷன் ஹேண்ட்லரோ இன்டரப்ட் அல்லது சாஃப்ட் இன்டரப்ட் சூழலில் ஓடுவது. அங்கே தூங்க வைப்பதற்கென்று ஒரு ப்ராசஸ் கிடையாது. ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கினால் இன்னும் மோசம்: அதே லாக்கைக் கேட்டு அதே சிபியுவில் இன்னொருவர் சுற்ற ஆரம்பித்தால், தூங்குகிறவர் எழுந்து வந்து லாக்கை விட வழியே இல்லை.

இதில் ஆபத்து என்னவென்றால், பெரும்பாலான நேரம் மெமரி உடனே கிடைத்துவிடும். தூங்க வேண்டிய அவசியமே வராது. தவறான கோட் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும். நெருக்கடி வரும் அன்றைக்குத்தான் மெஷின் உறைந்து நிற்கும். அதனால்தான் ‘டீபக் அட்டாமிக் ஸ்லீப்’ என்ற கான்ஃபிக் இருக்கிறது. அது போட்டிருந்தால், நிஜமாகத் தூங்கினாலும் தூங்காவிட்டாலும், தூங்க நேரிடலாம் என்ற இடத்திலேயே கெர்னல் எச்சரிக்கும். உங்கள் கெர்னலில் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் போட்டு வைத்திருக்கிறார். எடுத்துவிடாதீர்கள்.

‘ஜிஎஃப்பி_அட்டாமிக்’ நேர் எதிர். காத்திருக்க மாட்டேன், இருப்பதைக் கொடு, இல்லாவிட்டால் இல்லை என்று உடனே சொல் என்கிறது. பதிலுக்கு ஒரு சலுகை உண்டு: மற்றவர்கள் தொடக்கூடாத அவசர இருப்பிலும் கொஞ்சம் கைவைக்கலாம். அந்த இருப்பின் அளவைத் தீர்மானிப்பது ‘மின்_ஃப்ரீ_கேபைட்ஸ்’. அது உங்கள் டிரைவருக்கு மட்டும் வைத்ததல்ல. நெட்வொர்க், டிஸ்க், மற்ற எல்லா இன்டரப்ட் ஹேண்ட்லர்களுக்கும் பொது. டிரைவர் லோடாகும்போதும், ஃபர்ம்வேர் ஏற்றும்போதும், இன்டர்ஃபேஸைத் திறக்கும்போதும் தாராளமாகத் தூங்கலாம். அங்கெல்லாம் அட்டாமிக் போட்டால் பொது இருப்பைக் கரைக்கிறீர்கள், தோல்விக்கும் வாய்ப்புக் கொடுக்கிறீர்கள். உங்கள் சீனியர் மன்னிக்க வேண்டும். இரண்டில் அதிகமாகத் தோற்கிற ஃபிளாக்கைப் பாதுகாப்பு என்று சொல்வது பொருந்தாது.

இந்தத் தவறுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. சென்ட்ரினோ காலத்து லேப்டாப்புகளில் இன்டெலின் 2200பிஜி வைஃபை கார்டு பரவலாக இருந்தது. லினக்ஸில் அதற்கு ‘ஐபிடபிள்யு2200’ டிரைவர். 2009-ல், 2.6.30 கெர்னலில், ஃபர்ம்வேர் ஏற்றும்போது ஆர்டர் 6 ஒதுக்கீடு தோற்பதாகப் புகார் வந்தது. ஆர்டர் 6 என்றால் 256 கேபி, ஒரே துண்டாக. அதுவும் அட்டாமிக்காக, ஏனென்றால் அந்த டிரைவர் அழைத்த ‘பிசிஐ_அலாக்_கன்சிஸ்டென்ட்’ உள்ளுக்குள் எப்போதும் அட்டாமிக்கையே பயன்படுத்தியது. அழைப்பவர் ஃபிளாக்கைச் சொல்ல அதில் இடமே இருக்கவில்லை. திருத்தியவர்கள் ஃபிளாக்கோடு நிற்கவில்லை. 256 கேபியை ஒரே துண்டாகக் கேட்பதைக் கைவிட்டு, 8 கேபி துண்டுகளின் வரிசையாக மாற்றினார்கள். ராமை நேரடியாகப் படிக்கும் அந்தக் கார்டின் டிஎம்ஏ 64 கட்டளைகள் வரை அடுக்கி வாங்கிக்கொள்ளும் என்பதால், ஏற்றக்கூடிய ஃபர்ம்வேரின் உச்ச அளவு குறையவில்லை.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று அண்மைக்காலத்தது. ரியல்டெக் சிப்புகளுக்கான ‘ஆர்டிடபிள்யு88’ டிரைவரின் யுஎஸ்பி பகுதி, ரிசீவ் வேலைக்கு நான்கு யுஆர்பி (யுஎஸ்பி கோரிக்கை) வைத்திருந்தது. ஒவ்வொன்றையும் அனுப்பும் முன் 32,768 பைட்டுக்கு ஒரு புது எஸ்கேபி. அந்த ஒதுக்கீடு தோற்றால் அந்த யுஆர்பி மறுபடி அனுப்பப்படாது. முதல் தோல்வியில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, மூன்று மிச்சம். நான்காவதும் போனதும், டாங்கிளிடம் டேட்டா கேட்க ஆளில்லை. ரிசீவ் முழுவதும் நின்றுவிடும். உங்கள் டிரைவர் எது என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் லாக்கில் அந்த வரி எத்தனை முறை வந்த பிறகு பிங் நிற்கிறது என்று எண்ணுங்கள். யுஆர்பி எண்ணிக்கையும் அதுவும் ஒன்றாக இருந்தால் நோய் இதுதான். ஆர்டிடபிள்யு88-ல் என்ன செய்தார்கள்? எட்டு எஸ்கேபிக்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்து, அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்படி மாற்றினார்கள். எட்டும் வேலையாக இருந்தால் மட்டும் புதிது கேட்பது. அதுவும் தோற்றால் சிறிது பொறுத்து ஒரு வொர்க் வழியாக மறுபடி முயல்வது.

நீங்களும் இதையே செய்யுங்கள். டாங்கிள் செருகியதும் அழைக்கப்படும் ‘ப்ரோப்’ தூங்கக்கூடிய இடம். பஃபர்களை அங்கேயே ஜிஎஃப்பி_கெர்னல் கொண்டு ஒதுக்கி வைத்துவிடுங்கள். எஸ்கேபியாக இல்லாமல் வெறும் ‘கே-மல்லாக்’ பஃபராக எடுத்தால் வால் பிரச்சினையும் போய்விடும். 32 கேபி என்பது 32 கேபியாகவே, ஆர்டர் 3-ல் அடங்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆர்டர் 3 வரையிலான கேட்புகளுக்குக் கெர்னல் விடாப்பிடியாக முயலும். அதைத் தாண்டினால் ‘விலை அதிகம்’ என்று கணக்கிட்டுச் சீக்கிரம் கைவிட்டுவிடும், நீங்கள் ஜிஎஃப்பி_கெர்னல் போட்டிருந்தாலும்கூட. ‘வி-மல்லாக்’ போட்டால் துண்டு பிரச்சினையே இல்லையே என்று தோன்றும். யுஎஸ்பி பஃபருக்கு அது உதவாது. அதன் முகவரிகள்தான் தொடர்ச்சியானவை; அடியில் இருக்கும் ராம் பக்கங்கள் சிதறியே இருக்கும், டிஎம்ஏ அதை ஏற்காது. லோக்கல் வேரியபிளாக ஸ்டாக்கில் வைத்த பஃபரும் அதே காரணத்தால் கூடாது. 2016-ல் வந்த 4.9 கெர்னல் முதல் எக்ஸ்86-64-ல் ஸ்டாக்கையே வி-மல்லாக் பகுதியில் வைக்க முடியும் என்றானபோது, கன்ட்ரோல் மெசேஜை ஸ்டாக்கிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்த பல யுஎஸ்பி டிரைவர்கள் வரிசையாக உடைந்தன. உங்கள் பழைய டிரைவரில் அப்படி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

கம்ப்ளீஷன் ஹேண்ட்லரில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பெரிய பஃபரில் பல ஃபிரேம்கள் அடுக்கி வந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் அதன் அளவுக்கு ஒரு சின்ன எஸ்கேபி அட்டாமிக்காக எடுத்து, காப்பி செய்து, கெர்னலின் வைஃபை அடுக்கான மேக்80211-க்குக் கொடுங்கள். சாதாரண 1500 பைட் ஃபிரேம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், ஆகவே தோல்வி அபூர்வம். தோற்றால் அந்த ஒரு ஃபிரேமை மட்டும் கைவிடுங்கள். எது தோற்றாலும் அதே பஃபரோடு யுஆர்பியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். காப்பி செய்வதால் வேகம் குறையுமே என்று பதறாதீர்கள். யுஎஸ்பி டாங்கிளின் வேகத்தில் அந்தச் செலவு பொருட்டே இல்லை.

ஆத்தெரோஸ் சிப்புகளுக்கான ‘ஏடிஎச்9கே’ இதே ஒழுக்கத்தை வேறு விதமாகக் கடைப்பிடிக்கிறது. வந்த ஃபிரேமை மேலே அனுப்பும் முன் அதற்கு மாற்றாக ஒரு புது பஃபரை அட்டாமிக்காகக் கேட்டு வாங்கிவிடுகிறது. கிடைக்கவில்லையா, வந்த ஃபிரேமைக் கைவிட்டுப் பழைய பஃபரையே ஹார்டுவேரிடம் திருப்பிக் கொடுக்கிறது. அதனால் ரிசீவ் வரிசை ஒருபோதும் வற்றுவதில்லை. இன்டெலின் ‘ஐடபிள்யுஎல்வைஃபை’ பின்னணியில் ஒரு வொர்க்கை வைத்து, தூங்கக்கூடிய சூழலில் பக்கங்களைச் சேர்த்துவைத்து, இன்டரப்ட் பாதைக்கு அவ்வப்போது வழங்குகிறது. மிகவும் இக்கட்டான நேரத்தில்தான் அட்டாமிக். எனக்கு ஏடிஎச்9கே முறைதான் பிடிக்கும். பத்து வரியில் முடிகிற வேலை அது.

ஃபிரேமைக் கைவிடுவது பற்றி ஒரு வார்த்தை. கைவிட்டால் அனுப்பியவர் மறுபடி அனுப்பிவிடுவார் என்று வைஃபைக்காரர்கள் சிலர் சமாதானம் சொல்வார்கள். ஃபிரேம் வந்து இறங்கிய சில மைக்ரோ செகண்டுகளிலேயே சிப் தானாகவே அக்னாலட்ஜ்மென்டை அனுப்பிவிடுகிறது. 5 ஜிகாஹெர்ட்ஸில் அந்த இடைவெளி 16 மைக்ரோ செகண்ட். நீங்கள் மெமரி இல்லை என்று கைவிரிக்கும்போது, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணக்கு முடித்திருப்பார்கள். மேலே இருக்கும் டிசிபி உணர்ந்து திருப்பி அனுப்பினால்தான் உண்டு. யுடிபியில் ஓடும் குரல் அழைப்பு என்றால் போனது போனதுதான். கைவிடுவது தவறில்லை, ஆனால் அதற்கு ஒரு கவுன்டர் வைத்து எண்ணுங்கள்.

இனி ‘இன்_அட்டாமிக்’ யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் முடியாது. ப்ரீஎம்ப்ஷன் எண்ணிக்கை இல்லாமல் கட்டிய கெர்னலில் ஸ்பின்லாக் பிடித்தாலும் அந்த எண் ஏறாது; இன்_அட்டாமிக் சைபர் என்றே சொல்லும். நீங்களும் நம்பித் தூங்குவீர்கள். உங்கள் மெஷினில் ஓடியது வாடிக்கையாளரின் மெஷினில் உறையும். 2020-ல் நெட்வொர்க் டிரைவர்களிலிருந்து இந்த மாதிரி ‘நான் எங்கே இருக்கிறேன்’ சோதனைகளைக் களையெடுக்கும் பெரிய பேட்ச் தொடரே வந்தது. அதில் வயர்லெஸ் டிரைவர்கள் பல இருந்தன. அழைக்கிறவருக்குத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். ஆகவே ஃபிளாக்கை ஆர்குமென்டாக வாங்கிக்கொள்ளுங்கள். சிஎஃப்ஜி80211-ன் பல ஃபங்ஷன்கள் கடைசி ஆர்குமென்டாக ஜிஎஃப்பி ஃபிளாக்கைக் கேட்பது இதற்காகத்தான். மேக்80211-ன் ஹெடர் ஃபைலில் ஒவ்வொரு கால்பேக்கின் மேலும் ‘தூங்கலாம்’, ‘அட்டாமிக்காக இருக்க வேண்டும்’ என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ‘ஸ்டார்ட்’ தூங்கலாம், ‘டிஎக்ஸ்’ கூடாது. இன்டர்ஃபேஸ்களை வரிசையாகப் பார்க்கும் ஃபங்ஷனுக்கு அட்டாமிக் வடிவம் ஒன்றும் சாதாரண வடிவம் ஒன்றும் தனித்தனியாக உண்டு. அந்த ஹெடர் ஃபைலை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். வேறு எந்தப் புத்தகமும் அதற்கு ஈடாகாது.

சிறு குறிப்பு ஒன்று: சஸ்பெண்ட், ரீசெட் பாதைகளில் ஜிஎஃப்பி_கெர்னலும் வேண்டாம், ‘ஜிஎஃப்பி_நோஐஓ’ போடுங்கள். மெமரியைக் காலி செய்யக் கெர்னல் டிஸ்க்குக்கு எழுதப் போய், அந்த டிஸ்க்கே உங்கள் யுஎஸ்பி ரீசெட்டுக்காகக் காத்திருந்தால் இருவரும் மாட்டிக்கொள்வீர்கள்.

திருத்தி முடிக்கும்வரை களத்தில் இருக்கும் போர்டுகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால், மின்_ஃப்ரீ_கேபைட்ஸைக் கொஞ்சம் உயர்த்தலாம்; ‘காம்பாக்ட்_மெமரி’ ஃபைலில் அவ்வப்போது 1 எழுதலாம். டாங்கிளின் ஃபர்ம்வேர் ஒரே தடவையில் அடுக்கி அனுப்பும் அளவைக் குறைக்க வழி இருந்தால், பஃபரையும் அதற்கேற்ப 16 கேபிக்கும் கீழே கொண்டுவரலாம். பஃபரை மட்டும் குறைத்து ஃபர்ம்வேரை விட்டுவிட்டால் ஓவர்ஃப்ளோ ஆகும், ஜாக்கிரதை. இவை எல்லாம் நாளைக் கடத்தும் வேலைதான், இவற்றோடு நிறுத்திவிடாதீர்கள்.

திருத்திய பிறகு, மறுபடி சில நாள் காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை. கெர்னலில் ஃபால்ட் இன்ஜெக்ஷன் வசதி இருக்கிறது. டீபக்எஃப்எஸ்-ல் ‘ஃபெயில்_பேஜ்_அலாக்’ என்ற டைரக்டரி இருக்கும். தோல்வி விகிதத்தை அங்கே எழுதினால், வேண்டுமென்றே ஒதுக்கீடுகளைத் தோற்க வைக்கும். இயல்பாகவே அது தூங்க முடியாத கேட்புகளை மட்டும், அதிலும் ஆர்டர் 1-ம் அதற்கு மேலும் உள்ளவற்றை மட்டும் குறிவைக்கும். உங்கள் பழைய கோட் சில நிமிடங்களில் விழுந்துவிடும். சின்ன எஸ்கேபிக்களைச் சோதிக்க ‘ஃபெயில்ஸ்லாப்’ வேண்டும். பழைய டிரைவரை முதலில் அதில் விட்டுப் பிங் நிற்பதைக் கண்ணால் பாருங்கள், பிறகு புதியதை விடுங்கள். பிங்கில் இழப்பு இருக்கலாம். முற்றாக நிற்கக் கூடாது. அதுவரை அந்த பேட்ச்சை உங்கள் சீனியரிடம் கொடுக்காதீர்கள்.